ஓரத்து எண்கள்

பேசக் கூடாது. என் படங்கள் ஏழும் பெஞ்சின்மேல் பரப்பிக் கிடக்கின்றன. கடைசி ஆள் கருத்துச் சொல்லி முடிக்கிறவரை நான் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் இங்கே சட்டம். எடுத்தவர் பேச ஆரம்பித்தால் படம் பேசாது என்று ஞானசேகர் சார் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அவருடைய டியூஷன் சென்டர், அவருடைய பெஞ்சு, அவருடைய சட்டம். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் வராத இந்த வகுப்பறையில் நாங்கள் கூடுகிறோம், கையில் செல்போனை வைத்துக்கொண்டே ஃபிலிம் ரோல் வாங்கிப் படமெடுக்கிற கிறுக்குகள். குழுவுக்கு 'முப்பத்தாறு' என்று பெயர், ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம் என்பதால். இன்றைக்கு வந்திருப்பது ஐந்து பேர். சார் என்னுடைய மூன்றாவது படத்தை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்க்கிறார். சாத்திய கடைக் கதவு, அதன்மேல் சாய்த்த ஏணி. ஒளி நன்றாயிருக்கிறதாம். இருக்கட்டும். எனக்கு இடதுபக்கம் சுகந்தி உட்கார்ந்திருக்கிறாள், அவள் முழங்கை என் முழங்கையை ஒட்டி இருக்கிறது, இரண்டு வருஷமாக இந்தப் பெஞ்சில் இந்த இடத்தில் இப்படித்தான் உட்காருகிறோம். கையை எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டுமே. தெரியாமல் இருந்தது நானல்லவா, அவளா. ஆனாலும் கை அங்கேயே இருக்கிறது, என்னுடைய கைதான், நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறது. ஏணி பிரமாதம் என்கிறார் பழனியப்பன் டாக்டர். அரை மணி நேரத்துக்கு முன்னால் அந்தத் திருப்பூர்ப் பெண் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் இப்போது ஏணியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

பழனியப்பன் பல் டாக்டர். குழுவில் சேர்ந்து இரண்டு மாதம்தான். ஊட்டியில் எடுத்த ரோலை முதன்முதலாகத் தன் கையாலேயே வீட்டில் கழுவியிருக்கிறார். கழுவி முடித்துப் பார்த்தால் வெறும் ஃபிலிம், கண்ணாடி மாதிரி, ஒரு புல்பூண்டுகூட இல்லை. அதையும் வெட்கமில்லாமல் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் ஆட்டிக் காட்டினார். உடனே சார் சிரித்துக்கொண்டே, "வாங்க டாக்டர், நீங்களும் துளசிமணி மேடம் கட்சியில சேர்ந்துட்டீங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், இரண்டு வருஷமாகப் பழகிய சிரிப்பு, தானாகவே வந்துவிடும். ஃபிலிமின் நுனி கேமராவுக்குள் எதிர்ப்பக்கத்து உருளையில் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டாவிட்டால் நாம் பாட்டுக்கு அடுத்த படத்துக்கு நகர்த்துகிற லீவரை இழுத்து இழுத்துக் கிளிக் பண்ணிக்கொண்டிருக்கலாம், ஃபிலிம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஒன்றும் பதியாது. என் முதல் ரோலுக்கு நடந்தது அதுதான் என்பது இங்கே புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் முதல் பாடம். அந்தப் பாடத்தை நடத்துவது சுகந்தி. இன்றைக்கும் நடத்தினாள், நான் கேமராவைப் பிடிக்கிற மாதிரியே பிடித்து, ஒரு கண்ணை மூடி, "டக், டக், டக்... உள்ள ஒண்ணுமே ஓடல!" என்று. நன்றாக நடிப்பாள். அப்போதுதான் ஷாஹினா அந்த ஃபிலிமை டாக்டர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். இன்றைக்குத்தான் முதல்முறை வந்திருக்கிறாள், திருப்பூரில் வீட்டிலேயே பத்துப் பேருக்கு ஃபிலிம் கழுவிக்கொடுக்கிறவள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "டாக்டர், நீங்க மாட்டுனதெல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கீங்க. ஓரத்துல எண்ணே இல்ல பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கம்பெனியிலயே வெளிச்சத்துல அடிச்சுத்தான் அனுப்புவாங்க. படம் விழுந்தாலும் விழாட்டியும் கழுவுனா அந்த எண்ணு வந்தே ஆகணும். அதுவே வரலைன்னா கழுவுனதுலதான் கோளாறு. படத்தை வரவைக்கிற டெவலப்பரை ஊத்தறதுக்குப் பதிலா, கடைசில ஊத்த வேண்டிய ஃபிக்சரை மொதல்ல ஊத்தீட்டீங்க, எல்லாத்தையும் தொடச்சு எடுத்துருச்சு" என்றாள். டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "ரெண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருந்துச்சும்மா" என்றார். "அதுவரைக்கும் உங்க ஊட்டி பூராவும் உள்ளதான் இருந்துச்சு, போங்க" என்றாள் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே, இன்னொரு போண்டாவை எடுத்துக்கொண்டே. உள்ளேதான் இருந்தது. நான் டீயை வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே வைத்தேன். சுகந்தியைப் பார்த்தேன். அவள் போண்டாவைப் பிய்த்து வெங்காயத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்தை அவள் ஒதுக்கி நான் பார்த்ததே இல்லை. பிறகு கை கழுவப் போனாள். போனவள் டாக்டர் கொண்டுவந்திருந்த வேறு படங்களைப் பற்றியெல்லாம் பேசி முடிந்த பிறகுதான் வந்தாள்.

என் ஃபிலிமில் எண் இருந்ததா. இருந்திருக்கலாம், நான் கவனிக்காமல் விட்டிருக்கலாம். அழுத கண்ணோடு பார்த்தது. இல்லை, இல்லை. நான் மில்லில் நூல் பரிசோதிக்கிறவள், இருபத்திரண்டு வருஷமாக முடிச்சும் திரிப்பும் எண்ணுகிறவள், கண்ணில் ஒன்று படாமல் போனால் அன்றைக்கு அனுப்பிய சரக்கு லாட்டோடு திரும்பி வரும். அந்த ஃபிலிமை எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பேன். பார்க்க ஒன்றுமில்லாததால் இரண்டு ஓரத்து ஓட்டைகளையும் எண்ணினேன், ஒரு முறை இல்லை, பல முறை, ஓட்டையை எண்ணுகிற பைத்தியம் எண் இருந்தால் அதைப் படித்திருக்கமாட்டாளா. ஓட்டைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வெறும் பிளாஸ்டிக். பீரோவில் அப்பாவின் பென்ஷன் புத்தகத்துக்குள் இருக்கிறது, இப்போதும் இருக்கிறது, ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியதுகூட இல்லை. அப்பா டவுன் பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் உக்கடத்துக்கும் காந்திபுரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டே போனவர். போட்டோ என்றால் அவருக்கு ஆகாது, கல்யாணத்தில்கூட போட்டோக்காரர் வருகிறபோது பந்தியைக் கவனிக்கப் போய்விடுவார். நான் பழைய கேமரா ஒன்றை வாங்கி, வாங்கிய உற்சாகத்தில் இருபத்துநான்கு படத்தை வாசல்படி, பூனை, கொடிக்கயிறு என்று வீணடித்துவிட்டு, மீதிக்கு அவர் முன்னால் போய் நின்றேன். மாடியில் நாற்காலி போட்டு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "அட போ அம்மிணி, பல்லுசெட்டைக்கூடக் கழட்டி வெச்சுட்டேன், இந்த மூஞ்சிய யாரு பாக்கறது" என்றார். பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று அடித்தேன். முதல் கிளிக்குக்கு முறைத்தார். இரண்டாவதுக்கு நாக்கை மடித்து விசில் கொடுத்து, "ரைட்!" என்றார். அப்புறம் ஒவ்வொரு கிளிக்குக்கும் ரைட். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கே, பல்லில்லாத வாயோடு, கையில் கடலைத் தோலோடு, உடம்பு குலுங்கச் சிரித்தார், அப்படி அவர் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷம். அம்மா போனதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. முப்பத்தாறாவது படத்துக்கு அப்புறம் லீவர் நகரவில்லை, இறுகிவிட்டது, நான் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன், அவர் எட்டிப் பார்த்து, "என்ன, வண்டி ஃபுல் ஆயிருச்சா?" என்றார். ஐயோ. லீவர் நின்றது. முப்பத்தாறில் நின்றது. மாட்டாத ஃபிலிமாக இருந்தால் அது ஏன் நிற்க வேண்டும், அது நாற்பது ஐம்பது என்று போய்க்கொண்டேயல்லவா இருக்கும். இந்த இரண்டு வருஷத்தில் நானே நாற்பது ரோல் எடுத்துவிட்டேன், ஒரு நாளும் இது எனக்கு உறைக்கவில்லையே. உன் தப்பு, உன் தப்பு என்று ஒருத்தி அன்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் லீவர் நின்றதுகூட மறந்துவிடும் போலிருக்கிறது.

அந்த ரோலைச் சுகந்தியிடம்தான் கொடுத்தேன். குழுவில் அவள்தான் எல்லோருக்கும் கழுவிக்கொடுப்பாள், ஹயர் செகண்டரியில் கெமிஸ்ட்ரி டீச்சர், திரவம் பாட்டில் அளவு என்றால் அவளைக் கேட்டுத்தான். நாலைந்து ரோல் சேர்ந்ததும் மொத்தமாகக் கழுவலாம் என்று ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். இருபது நாள் அப்பா அங்கே இருந்தார், அவள் வீட்டு ஃபிரிட்ஜில், முட்டைக்குப் பக்கத்தில், சிரித்துக்கொண்டு. இருபத்தோராவது நாள் காலை பல் தேய்க்கப் போனவர் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டதும் மாலை போட ஒரு படம் வேண்டும் என்று தேடினோம், ஒன்றுமில்லை, எனக்கு அப்போதுதான் நினைவு வந்து அவளுக்குப் போன் செய்தேன். "உடனே கழுவறேங்கக்கா, நீங்க அழாதீங்க" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். மதியம் மூன்று மணிக்கு வந்தாள், கையில் அந்த வெறும் ஃபிலிமோடு, அவள் முகமும் வெறுமையாக இருந்தது. "அக்கா, ஃபிலிம் மாட்டவே இல்லைங்கக்கா." அவ்வளவுதான் சொன்னாள். அழுதாள். என்னைவிட அதிகமாக அழுதாள், சித்தி வந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். கடைசியில் ரிட்டயர்டு ஊழியர் பஸ் பாஸில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். திருடிப் பிடிபட்டவர் மாதிரி இருப்பார் அதில். இன்றைக்கும் கூடத்தில் அப்படித்தான் இருக்கிறார். என் தம்பி ஓசூரிலிருந்து வந்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஊர்ப் பூனையெல்லாம் எடுத்தியே, அப்பனை ஒண்ணு உருப்படியா எடுக்கத் தெரியலையாக்கா உனக்கு" என்றான். பன்னிரண்டு தடவை அவர் முன்னால் நின்று வெறும் பெட்டியை அமுக்கினேன், அவர் எனக்காகச் சிரித்தார், நான் காற்றில் அமுக்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் இந்த இரண்டு வருஷமும் நினைத்திருந்தேன். அவசரத்தில் பாட்டில் மாறியிருக்கும். எனக்காகப் பட்ட அவசரம்தான். அதை நான் மன்னிக்க மாட்டேனா. அன்றைக்கே காலில் விழ வேண்டாம், "கை மாறிருச்சுக்கா" என்று ஒரு வார்த்தை, நான் கத்தியிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் சரியாகியிருக்கும். கெமிஸ்ட்ரி டீச்சர் பாட்டிலை மாற்றி ஊற்றிவிட்டாள் என்று இந்தப் பெஞ்சில் யாரும் சிரித்துவிடக் கூடாது, அதற்குத்தான் என்னைப் பார்த்து எல்லோரையும் சிரிக்கவைத்தாள். அதோடு விட்டாளா. பதினாறாம் நாள் முடிந்ததும் மூன்று புது ரோல் வாங்கிவந்து என் மடியில் வைத்தாள். வீணாய்ப்போன பழைய ஃபிலிம் ஒன்றை எடுத்துவந்து, "எங்க, மாட்டுங்க பாக்கலாம். கழட்டுங்க. இன்னொருக்கா" என்று பத்துத் தடவை மாட்டப் பழக்கினாள், நான் செய்யாத தப்புக்கு எனக்குப் பயிற்சி. நானும் முட்டாள் மாதிரி மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன், ஒவ்வொரு தடவையும் அவள் "அப்படித்தான்" என்று சொன்னபோது நன்றியில் என் கண் நிறைந்தது. அதுதான் இப்போது எரிகிறது, அப்பா போனதைவிட, இந்த நன்றி.

ஷாஹினா என் ஆறாவது படத்தை வைத்துக்கொண்டு ஏதோ சொல்கிறாள், கேட்க வேண்டும். "எல்லாமே நல்லா இருக்குதுங்க. ஆனா ஏழு படத்துலயும் ஒரு ஆள் இல்ல. செருப்பு இருக்குது, சைக்கிள் இருக்குது, ஏணி இருக்குது. ஏறுன ஆள் எங்கன்னு தோணுது" என்கிறாள். சரியாகத்தான் பிடித்தாள். மனிதர்களை எடுக்க எனக்குப் பயம். செருப்பு பதியாமல் போனால் நாளைக்கும் அங்கேயே கிடக்கும். ரோலை மாட்டிவிட்டு நம்பிக்கை வராமல் மறுபடி மூடியைத் திறந்து பார்த்து, வெளிச்சம் பட்டு முதல் இரண்டு படம் எப்போதும் போய்விடும் எனக்கு, தெரிந்தே செய்கிறேன், திறக்காமல் இருக்க முடியவில்லை. தம்பி மகள் காது குத்துக்குக் கேமராவைக் கொண்டுபோய்ப் பைக்குள்ளேயே வைத்திருந்து திரும்ப எடுத்துவந்தேன். இதையெல்லாம் இந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது, சொல்லவும் கூடாது, சட்டம். சுகந்தி என்னிடம் சொல்லிவிடுவாள் என்று தோன்றுகிறது. கூட்டம் முடிந்து மாடிப்படி இறங்கும்போது கையைப் பிடித்து நிறுத்தி, "அக்கா, அன்னிக்கு..." என்று ஆரம்பிப்பாள். ஆரம்பித்தால் போதும், மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன், அவளுக்குச் சிரமம் வைக்கமாட்டேன். இரண்டு வருஷம் ஒரு ஆளை நெஞ்சில் வைத்திருந்துவிட்டு ஒரு காலையில் தூக்கி எறிய எனக்கு வராது. வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு. அவளும் இப்போது அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பாள், அதனால்தான் முழங்கை அசையாமல் இருக்கிறது. அப்போது டாக்டர், பாவம் அந்த மனுஷன், தன் கட்சிக்கு ஆள் சேர்க்கிற சந்தோஷத்தில் கேட்கிறார்: "ஆமா, அப்ப துளசி மேடத்தோட ரோல்லயும் எண்ணு இல்லாம இருந்திருக்குமோ? அவங்களும் சரியாத்தான் மாட்டியிருப்பாங்களோ என்னமோ!" ஷாஹினா என்னைப் பார்க்கிறாள். "எண்ணு இருந்துச்சுங்களாக்கா?" என் வாய் திறக்கிறது. சார் விரலை உயர்த்தி, "மேடம் பேசப்படாது, அவங்க படம் இன்னும் பெஞ்சு மேல இருக்குது" என்று சிரிக்கிறார். நான் சுகந்தி பக்கம் திரும்புகிறேன். சொல்லு. இதைவிட நல்ல இடம் கிடைக்காது, கேள்வியை அவர்களே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், நீ எதையும் ஆரம்பிக்கக்கூட வேண்டாம். அவள் என்னைப் பார்க்கிறாள். நேராக, கண்ணோடு கண். "இருந்துச்சே! நான்தான கழுவுனேன். ஒண்ணுல இருந்து முப்பத்தாறு வரைக்கும் எண்ணு பளிச்சுன்னு இருந்துச்சு. பாவம், அக்காவுக்கு அன்னிக்கு இருந்த மனசுல எதுவும் ஞாபகம் இருக்காது" என்கிறாள். என் தோளில் கையை வைத்து மெதுவாகத் தட்டுகிறாள், இரண்டு தடவை.

தட்டிய இடம் இன்னும் இருக்கிறது, தோளில். அன்றைக்குச் சொன்னது பயம், அதை நான் பயம் என்றே வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். இன்றைக்குச் சொன்னதற்கு என்ன பேர். யோசிக்க அவளுக்கு அரை மணி நேரம் இருந்தது, கை கழுவுகிற இடத்தில் நின்று யோசித்திருக்கிறாள், யோசித்து, என் துக்கத்தையே எடுத்து என் வாயை அடைக்கலாம் என்று முடிவு செய்துகொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஞாபகம் இருக்காதாம். அப்பாவின் கையில் எத்தனை கடலைத் தோல் ஒட்டியிருந்தது என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. முழங்கையை எடுத்துவிட்டேன், எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. ஆத்திரம் வருகிறது, ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று, சொன்னால் வெட்கம், சந்தோஷம் மாதிரி ஒன்று. நான் காற்றில் அமுக்கவில்லை. ஒவ்வொரு ரைட்டுக்கும் அவர் ஃபிலிமில் விழுந்திருக்கிறார். பன்னிரண்டும் விழுந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை, இனிப் பார்க்கப்போவதுமில்லை, ஆனாலும் இருபத்தோரு நாள் அவர் அதில் இருந்தார், சிரித்துக்கொண்டு, நான் சரியாக மாட்டிய ஃபிலிமில். ஞானசேகர் சார் கடைசிப் படத்தைக் கீழே வைத்துவிட்டார். "சரி மேடம், இப்ப நீங்க பேசலாம். ஷாஹினா கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும், உங்க படத்துல ஏன் ஆளே இல்ல?" எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், சுகந்தியும். "ஆள் இருந்தாருங்க சார்" என்கிறேன். குரல் சாதாரணமாகத்தான் வருகிறது. "எங்கப்பா. கடைசிப் பன்னெண்டு படமும் அவருதான். அந்த ஃபிலிம் என்ற பீரோவுல இருக்குதுங்க, அதுல ஒரு எண்ணும் இல்ல. சுகந்தி, மொதல்ல எந்தப் பாட்டிலை ஊத்துனே?" டாக்டர் தன் கையிலிருந்த ஏணிப் படத்தைக் கீழே வைக்கிறார். சுகந்தி என்னைப் பார்க்காமல் பெஞ்சைப் பார்க்கிறாள், பையின் வாரைக் கையில் சுற்றிக்கொள்கிறாள், "அக்கா, கொஞ்சம் வெளிய போய்ப் பேசிக்கலாங்களா" என்கிறாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "எல்லாரும் சிரிச்சது இங்கதானே கண்ணு" என்கிறேன். "இங்கயே சொல்லு."